நாவல்முனையில் இணங்கவைக்கும் கலை

நாவல்முனை வித்தியாலயத்துக்கு ஒரு கணித ஆசிரியர் வேண்டும் என்று அதிபர் இரத்தினம்மா இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வலயக் கல்வி அலுவலகம் அந்தக் கோரிக்கையை எல்லாக் கோணத்திலும் பரிசீலித்து, கடைசியில் முற்கால அமெரிக்க இலக்கியத்தை அனுப்பிவைத்தது.

அது ஒரு பெட்டியில் வந்தது. உள்ளே அந்த இலக்கியத்தைக் கொண்டு இணங்கவைக்கும் கலையைப் படிப்பிக்க இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டி நூல், சுருட்டிய பெனர் ஒன்று, பதினான்கு தொப்பிகள். தொப்பிகளில் ‘நான் இணங்கவைப்பேன்’ என்று பொன் நிறத்தில் அச்சடித்திருந்தது. பெட்டியைச் சுமந்துவந்தவர் ஆங்கில ஆசிரியை தக்ஷாயினி. தேற்றாத்தீவிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் துறைக்கு வந்து, ஸ்கூட்டியோடு வாவியைக் கடந்து படிப்பிக்கப் போகிறவர். கடப்பது பாதையில். இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து மோட்டார் பூட்டியிருக்கும் அந்த வாகனத்துக்கு இந்தப் பக்கத்தில் அப்படித்தான் பெயர். அதை ஓட்டுகிற கோணாமலை பெட்டியைத் தூக்கிப் பார்த்து, கணக்கு வாத்தியார் உள்ளே இருந்தால் இவ்வளவு பாரம் வராதே என்றார். அவருடைய மகள் வதனி அந்தப் பாடசாலையில் பதினோராம் தரம். அவருக்கு இந்த விசயத்தில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

எரிச்சலுக்கு நியாயம் இருந்தது. பதினோராம் தரத்தில் பதினான்கு பிள்ளைகள். சாதாரண தரப் பரீட்சைக்கு எட்டு மாதம். கணிதம் சித்தியடையாவிட்டால் உயர்தரம் கிடையாது. பதினான்கு பேரும் ஒரே நாளில் புத்தகத்தை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். தக்ஷாயினி இரக்கப்பட்டு ஒரு வாரம் தானே கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். அவரே கணிதத்தை இரண்டாம் தடவையில் தட்டுத்தடுமாறிப் பாஸ் பண்ணியவர். ஐந்தாம் நாள் வதனி எழும்பி, டீச்சர் கஷ்டப்பட வேண்டாம் என்று மிகவும் அன்பாகக் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அமெரிக்கா ஏன் நாவல்முனைக்கு வந்தது என்பதை வலயப் பணிப்பாளர் ஆசிரியர்களுக்கான செயலமர்வில் விளக்கினார். திட்டத்துக்கு உதவிய வெளிநாட்டு நிறுவனம், அந்தக் காலத்து அமெரிக்கர்களின் வாழ்க்கைச் சூழலுக்கு ஒத்த பாடசாலைகளைத் தெரிவு செய்யச் சொல்லியிருந்தது. அவர்கள் கரையோரத்தில் இருந்தார்கள், நாவல்முனையும் கரையோரத்தில் இருக்கிறது. அவர்களிடமும் கணித ஆசிரியர் இருந்ததாகத் தகவல் இல்லை.

“இணங்கவைத்தல் என்றால் என்ன?” என்று பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “மற்றவர்களுடைய குரலுக்குச் செவிசாய்ப்பதுதான். இதைப் பற்றி நான் இரண்டு மணித்தியாலம் பேச இருக்கிறேன். இடையில் தயவுசெய்து யாரும் பேச வேண்டாம்.”

அவர் சொன்ன சொல் தவறாமல் இரண்டு மணித்தியாலம் பேசினார். ஒருவரை இணங்கவைக்க மூன்று வழிகள் உண்டு: பேசுபவரின் மதிப்பு, கேட்பவரின் மனசு, சொல்லுகிற ஆதாரம். பக்கத்தில் நின்று படம் காட்டும் கருவியை இயக்கியவர் திட்ட இணைப்பாளர் தனோஜன். முப்பத்திரண்டு வயது, மடிப்புக் கலையாத சேர்ட், கழுத்தில் அடையாள அட்டை. நல்ல கெட்டிக்காரர். அலுவலகத்தில் எந்தக் கருவி பழுதானாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கேள்வி உள்ளவர்கள் மஞ்சள் துண்டில் எழுதிச் சுவரில் உள்ள ஒரு தாளில் ஒட்டலாம் என்று தனோஜன் அறிவித்தார். தாளின் தலைப்பு ‘பிறகு பார்ப்போம்’. தக்ஷாயினி, நாவல்முனைக்குக் கணித ஆசிரியர் எப்போது வருவார் என்று எழுதி ஒட்டினார். செயலமர்வு முடிந்ததும் சிற்றூழியர் வந்து அந்தத் தாளைப் பக்குவமாகச் சுருட்டி, றப்பர் வளையம் போட்டு, அலுமாரிக்கு மேலே வைத்தார். அங்கே அதேபோல நாற்பது ஐம்பது சுருள்கள் அடுக்கியிருந்தன. தக்ஷாயினி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். பிறகு எல்லோரும் பற்றிஸ் சாப்பிட்டார்கள்.

வகுப்பில் அமெரிக்கா எதிர்பார்த்ததைவிட நன்றாக எடுபட்டது. முந்நூறு வருடத்துக்கு முந்திய பாதிரியார் ஒருவர் நரக நெருப்பைக் காட்டிச் சனங்களை மிரட்டிய பிரசங்கத்தைக் கேட்டு நிலோஜன், தங்கள் ஒழுக்காற்று ஆசிரியர் இதைவிட நன்றாகச் செய்வார் என்றான். வரி கட்டமாட்டோம் என்று தேயிலைப் பெட்டிகளைக் கடலில் தள்ளிய கதைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். ஆனால் அவர்களுடைய மனதில் ஒட்டிக்கொண்டது, அரசனுடைய குற்றங்களை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திச் சனங்கள் எழுதிய கடிதங்கள்தான்.

“அரசன் பதில் போட்டானா டீச்சர்?” என்று வதனி கேட்டாள்.

தக்ஷாயினி வழிகாட்டி நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை என்றார். அப்படியென்றால் நாங்களும் எழுதிப் பார்ப்போம், எங்களுடைய அரசன் வலய அலுவலகத்தில்தானே இருக்கிறார் என்று வகுப்பு முடிவெடுத்தது.

முதல் கடிதம் முழுக்க மனசு. கணித நேரத்தில் நாங்கள் யன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதில் உள்ள தோணிகளை எல்லாம் எண்ணி முடித்துவிட்டோம், இனி எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை என்று வதனி எழுதியிருந்தாள். தக்ஷாயினி அதில் ஓர் எழுத்தையும் திருத்தாமல் மடித்து உறையில் போட்டார். இதைப் படித்த பிறகும் ஆசிரியர் வராமல் இருப்பாரா என்று நம்பி, கடிதத்தை அலுவலகத்தில் கையளித்தார்.

பதினொரு நாளில் பதில் வந்தது. நூற்றுக்கு எண்பத்தேழு. சிவப்புப் பேனையில் குறிப்பு: ‘தோணிகளை எண்ணும் பகுதி கண்ணீரை வரவழைத்தது. ஆதாரம் போதாது. தொடர்ந்து முயற்சிக்கவும்.’ கூடவே சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று.

இரண்டாம் கடிதத்தில் ஆதாரத்தை அள்ளிக் கொட்டினார்கள். கடைசித் தவணையில் பதினான்கு பேரும் எடுத்த கணிதப் புள்ளிகளை அட்டவணையாக்கினார்கள். அதிகூடிய புள்ளி வதனியுடைய இருபத்துமூன்று. இதற்குத் தொண்ணூற்றுநான்கு கிடைத்தது. அட்டவணை மிக நேர்த்தி என்று பாராட்டி, கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: ‘மூன்றாம் நிரலில் சதவீதம் பிழையாகக் கணிக்கப்பட்டுள்ளது. உங்கள் கணித ஆசிரியரின் உதவியுடன் திருத்திக்கொள்ளவும்.’

வதனி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மூன்றாம் கடிதத்தை இலக்கியம் பக்கம் போகவிடாமல் நேரே நியமனங்களைக் கவனிக்கும் தாபனக் கிளைக்கு அனுப்பினார்கள். அந்தக் கிளைக்கு இலக்கிய இரசனை கிடையாது, புள்ளி போடவில்லை. மூன்று வரியில் பதில் வந்தது. நாவல்முனை வித்தியாலயத்தில் கணிதத்துக்கான ஆளணி நிரம்பியுள்ளது, வெற்றிடம் இல்லை, இனிமேல் இது சம்பந்தமாக எழுத வேண்டாம்.

அந்த வாரமே தனோஜன் மேற்பார்வைக்கு வந்தார். தக்ஷாயினியின் பாடத்தைப் பார்த்துத் தலையாட்டினார், தொப்பிகளை எண்ணினார், பெனர் சரிந்து தொங்குவதைக் குறித்துக்கொண்டார். பதினோராம் தரத்தின் நேரசூசியைப் பார்த்தவுடன் முகம் மாறியது. இந்த நேரம் கணிதம், ஆசிரியரைக் காணவில்லை, பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள். பொறுப்பில்லாத ஒரு மனிதனால் பதினான்கு பேருடைய எதிர்காலம் பாழாகிறது என்று உண்மையாகவே கொதித்துப்போனார். பாடசாலையில் நடப்பதைப் பதிந்துவைக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை வாங்கி, கணித ஆசிரியர் சமூகமளிக்கவில்லை, அவரிடம் விளக்கம் கோரப்பட வேண்டும் என்று எழுதி, வால் நீண்ட கையெழுத்து ஒன்றைப் போட்டுவிட்டுப் பாதை ஏறினார்.

அலுவலகம் இந்த விசயத்தில் மட்டும் மின்னல் வேகத்தில் இயங்கியது. நான்காம் நாள் நாவல்முனைக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கடமைக்குச் சமூகமளிக்காததற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவேண்டும். கிடைக்கவேண்டியவர்: ம. தனோஜன், கணித ஆசிரியர், நாவல்முனை வித்தியாலயம்.

இரத்தினம்மா அலுமாரியைத் திறந்து இரண்டு வருடத்துக்கு முந்திய கோவை ஒன்றை எடுத்தார். பழைய கணித ஆசிரியர் ஓய்வுபெற்ற மாதமே புதியவர் ஒருவர் நியமிக்கப்பட்டிருந்தார். நியமனத்தை ஏற்று அவர் அலுவலகத்திலேயே கையெழுத்து வைத்திருந்தார். அன்றைக்கே கணினி தெரிந்தவர் என்று அவரை அங்கேயே மறித்து வைத்துக்கொண்டார்கள். பெயர் பாடசாலையில், ஆள் அலுவலகத்தில். இதற்கு இணைப்பு என்று பெயர். கிழமைக்கு ஒன்று நடக்கிறது. அதிபர் கோவையையும் சம்பவத் திரட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே வால் நீண்ட கையெழுத்து.

“டீச்சர், அவர் அவரைத்தான் தேடித் திரியிறார்,” என்றார் இரத்தினம்மா.

அப்படியென்றால் அவருக்கே தெரியாதா என்று தக்ஷாயினி திகைத்துப்போய்க் கேட்டார். இணைப்பில் போகிறவர்களுக்குத் தங்களுடைய பாடசாலையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை என்றார் அதிபர். முப்பது வருடச் சேவையில் அவருக்கு எதுவும் ஆச்சரியமாக இல்லை. பதிவுத் தபாலைப் பத்திரமாக மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். ஆள் வரும்போது கையில் கொடுப்போம் என்றார்.

ஆள் அடுத்த கிழமையே வந்தார், பணிப்பாளரோடு. திட்டத்தின் வெற்றி விழா நாவல்முனையில். காலை ஒன்பது மணிக்கு வான் வண்டியோடு பாதையில் வந்து இறங்கியவர்களை பான்ட் வாத்தியம் அடித்து அழைத்துப்போனார்கள். மாலை, குத்துவிளக்கு, வரவேற்புரை, அதற்குப் பதிலுரை. பிறகு தேயிலையை நீரில் தள்ளிய காட்சியைப் பிள்ளைகள் வாவிக்கரையில் நடித்தார்கள். உண்மையான தேயிலையை வாவியில் போடச் சுற்றாடல் அனுமதி வேண்டும் என்பதால் வெறும் பெட்டிகள். பெட்டிகளும் பொருட்பதிவேட்டில் இருந்தபடியால் ஒவ்வொன்றிலும் கயிறு கட்டியிருந்தது. நிலோஜன் கோபாவேசமாகப் பெட்டியைத் தள்ளினான். தள்ளிய கையோடு இழுத்து எடுத்துத் துடைத்து வைத்தான். புரட்சி முடிந்ததும் விருந்தினருக்குத் தேநீர் பரிமாறப்பட்டது.

“இந்தப் பிள்ளைகளின் கடிதங்களை நான் வாசித்தேன்,” என்று பணிப்பாளர் பேசினார். “அப்படியே உருகிப்போனேன். வேறு ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு இவை போயிருந்தால் அந்த ஆசிரியர் மறுநாளே வந்திருப்பார். எங்களிடம் வந்தபடியால்தான் இவற்றுக்கு உரிய புள்ளி கிடைத்தது.”

சபை கை தட்டியது. தக்ஷாயினியும் தட்டினார், பிறகு தான் எதற்குத் தட்டினோம் என்று கைகளைப் பார்த்தார்.

ஒரு மணிக்கு விருந்தினர்கள் துறைக்கு வந்தார்கள். வான் பாதையில் ஏறிவிட்டது. கோணாமலை எஞ்சினுக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தார். ஏதாவது பழுதா என்று பணிப்பாளர் விசாரித்தார்.

“எஞ்சினுக்கு ஒண்டுமில்ல சேர். எனக்குத்தான் இன்னும் மனசு வரல்ல. என்னத்துக்கும் எழுத்தில தாங்க, பாப்பம்.”

பணிப்பாளர் சிரித்துப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார், தொலைபேசியை எடுத்து அங்குமிங்கும் நடந்து பார்த்தார். அந்தத் துறையில் சிக்னல் கிடையாது. அதைப் பற்றியும் இரத்தினம்மா முன்னர் எழுதியிருந்தார். கடைசியில் வானுக்குள் இருந்த வெள்ளைத்தாளில், தான் வலயப் பணிப்பாளர் என்றும், மூன்று மணிக்கு முக்கியமான கூட்டம் உண்டு என்றும், உடன் ஆவன செய்யும்படியும் எழுதிக் கொடுத்தார். கோணாமலை அதை வாங்கி மகளிடம் நீட்டினார். வதனி தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிவப்புப் பேனையை எடுத்தாள்.

“பேசுறவர்ட மதிப்பு மட்டுந்தான் இருக்கு சேர். மனசு இல்ல, ஆதாரமும் இல்ல. முப்பத்தொண்டு.”

“நல்ல முயற்சி சேர்,” என்றார் கோணாமலை ஆறுதலாக. “மறுகா ஒருக்கா எழுதித் தாங்க.”

பணிப்பாளர் மறுபடி எழுதினார். இந்தத் தடவை சீனி வருத்தத்தையும், வீட்டில் இருக்கும் மருந்துக் குளிசையையும், காத்திருக்கும் மனைவியையும் சேர்த்தார். எழுத எழுத அவருக்கே கண் கலங்கியது. ஐம்பத்தெட்டுக் கிடைத்தது. வைத்தியரின் துண்டு இணைக்கப்படவில்லை என்பதற்காகப் பத்துப் புள்ளி குறைத்திருந்தாள்.

இந்த நேரத்தில் இரத்தினம்மா பதிவுத் தபாலைக் கொண்டுவந்து தனோஜனுடைய கையில் கொடுத்தார். தனோஜன் உறையைப் பிரித்து வாசித்தார். கடிதத்தை வரைந்ததே அவர்தான், பெயருக்கான இடத்தை வெற்றாக விட்டுத் தாபனக் கிளைக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் நிரப்பியிருந்த பெயரை அவர் இப்போதுதான் பார்க்கிறார். உறையைப் புரட்டி விலாசத்தைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி, துறையிலிருந்தே தெரிகிற பாடசாலையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார்.

“இந்தத் தனோஜன் நானா, மெடம்?”

“எங்களுக்கும் அதுதான் சந்தேகமா இருந்த,” என்றார் இரத்தினம்மா. “ஏழு நாள் நேத்தோட முடிஞ்சி. விளக்கத்த இஞ்சயே எழுதித் தந்திருங்க தம்பி.”

தனோஜன் எழுதவில்லை. பதினோராம் தர வகுப்பு வாசலில் போய் நின்றார். பொறுப்பில்லாத மனிதன் என்று அன்றைக்கு வாய்விட்டுச் சொன்ன அதே இடம். வகுப்பில் வதனி தவிர்ந்த பதின்மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. எந்தப் பாடத்தில் நிற்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். முதலாம் பாடத்தில் என்றார்கள். அவர் கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வெண்கட்டியை எடுத்தார்.

பலகையில் வாவியைக் கீறினார். இந்தக் கரையிலிருந்து ஒரு தோணி, அந்தக் கரையிலிருந்து ஒரு தோணி, இரண்டு வேகம், எங்கே சந்திக்கும்? ஐந்து நிமிடத்தில் யாருக்கும் விளங்காத இடத்தைத் தொட்டார், பத்தாவது நிமிடத்தில் அது விளங்கிவிட்டது. மனுசன் நல்ல வாத்தியார். இப்படிப்பட்ட ஒருவரை இரண்டு வருடமாகப் படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்களே என்று தக்ஷாயினி யன்னலுக்கு வெளியே நின்று வெளிப்படையாகவே அழுதார்.

துறைவரை செய்தி போயிற்று. வதனி சிவப்புப் பேனையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். பணிப்பாளர் மூன்றாம் கடிதத்தை முடித்து, அடிக்கோடும் இட்டு நிமிர்ந்தபோது அதைத் திருத்த ஆள் இல்லை. பரீட்சகர் கணித வகுப்புக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்குக் கோணாமலை நடந்துவந்து யன்னலால் எட்டிப் பார்த்தார். வதனி பலகையில் நின்று, இரண்டு தோணிகளையும் சரியான இடத்தில் சந்திக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவர் துறைக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது.

அலுவலகம் நன்றாகவே யோசித்தது. இணைப்பை இரத்துச் செய்ய மாகாணத்தின் அனுமதி வேண்டும், அதற்கு ஒரு வருடம் பிடிக்கும். புதிய இணைப்பு வழங்கப் பணிப்பாளரின் கையெழுத்துப் போதும். ஆகவே நாவல்முனை வித்தியாலயத்தின் கணித ஆசிரியர் ம. தனோஜன், அலுவலகத்திலிருந்து நாவல்முனை வித்தியாலயத்துக்கே தற்காலிகமாக இணைக்கப்பட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாதையில் வந்து இறங்கினார். அவருடைய விளக்கம் ஒரே வரிதான்: ‘வந்துவிட்டேன்.’ அதிபர் கோவையில் போட்டார்.

ஆனால் அலுவலகத்தில் ஓர் இடம் வெறுமையாகிவிட்டது அல்லவா? வெள்ளிக்கிழமை தக்ஷாயினிக்குக் கடிதம் வந்தது. இணங்கவைக்கும் கலையில் அவர் காட்டிய திறமையைப் பாராட்டி, திங்கள் முதல் அவரைத் திட்ட இணைப்பாளராக அலுவலகத்தில் இணைத்திருந்தார்கள். நாவல்முனையில் ஆங்கில ஆளணி நிரம்பியதாகவே கருதப்படும் என்றும் கடைசி வரியில் இருந்தது.

பாதையில் நின்றுகொண்டு அதை வாசித்தார். அலுவலகம் தேற்றாத்தீவிலிருந்து பத்து நிமிடம். இனி வாவியைக் கடக்கவே தேவையில்லை. மேலிடத்துக் கடிதம் வந்தால் கீழ்ப்படிந்தே பழகியவர். கோணாமலை எஞ்சினை நிறுத்தவில்லை, ஆனால் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

“என்ன டீச்சர் செய்யப் போறீங்க?”

தக்ஷாயினி கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனையைத் தேடி எடுத்தார். வானத்தையும் வாவியையும் ஒரு தரம் பார்த்தார். ஸ்கூட்டி இருக்கையில் கடிதத்தை விரித்து வைத்து எழுதினார்: ‘மதிப்பு உண்டு. மனசு இல்லை. ஆதாரம் போதாது. நூற்றுக்கு முப்பத்தெட்டு. திருத்தி மீண்டும் அனுப்பவும்.’ பதிவுத் தபாலில் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை வழமைபோலப் பாதை ஏறி வகுப்புக்குப் போனார்.

அலுவலகத்துக்கு இது புதிது. புள்ளி குறைந்தால் என்ன செய்வதென்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. திருத்தி எழுதி அனுப்பினார்கள், ஐம்பது கிடைத்தது. இப்போது நான்காவது தடவை வந்திருக்கிறது. கணித நேரம் முடிந்து வருகிற இடைவேளையில் வதனிதான் திருத்துகிறாள். இந்தத் தடவை அறுபத்தொன்று. முன்னேற்றம் தெரிகிறது, தொடர்ந்து முயற்சிக்கவும் என்று கீழே எழுதியிருக்கிறாள்.